கணக்கில் பிழையாம்!

கோவையை மோட்டார் பந்தய ஊர் என்கிறார்கள். இங்கேயே மாருதி என்ஜின் போட்டுப் பந்தயக் கார் கட்டினார் ஆலைக் குடும்பத்துக் கரிவர்தன். அவர் பேரில் செட்டிபாளையத்தில் 2003-ல் பந்தயத் தடம் வந்தது. சரி, இருக்கட்டும். காருக்கு அடியில் படுத்து கிரீஸ் பூசிக்கிட்டவன் பேரு எங்கே?

பணக்காரன் ஆட்டம், அப்படித்தான் இருக்கும் என்பார்கள் சில தோழர்கள். அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் ஏழை வெள்ளையன் ஆட்டம்தானே? கள்ளச்சாராயம் கடத்தினவர்கள் மண் தடத்தில் ஓட்டி வளர்த்தது. வெண்டல் ஸ்காட்டும் சாராயம் கடத்தியவர், டாக்சி ஓட்டியவர், தன் காரைத் தானே பழுது பார்த்தவர். ஆனால் கறுப்பர்.

1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில், அரை மைல் மண் தடம். இரண்டு சுற்று முந்தி ஜெயித்தார். கொடி அசையவில்லை. கோப்பை வெள்ளையரான பக் பேக்கருக்கு. கூட்டம் கலைந்த பிறகு, கணக்கில் பிழை என்றார்கள். பிழையாம்! அந்த மேடைக் கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை. 1990-ல் இறந்தார். குடும்பத்துக்கு முறையாகக் கோப்பை கொடுத்தது 2021-ல்.

வர்க்கம் ஒன்றானால் சாதி தானாகப் போயிடும் என்கிற தோழர்கள் இந்தச் சுற்றுக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். கோவைப் பந்தய வரலாறு எழுதுகிறவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் போய், அந்தப் பையன்கள் பேரையும் கேட்டு எழுதட்டும்.