தனித் தட்டு எதற்கு?

பகல்நேரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கீமோதெரபி ஏற்றிக்கொள்ள வருபவர்களின் பைகளில் என்னென்ன இருக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். மருத்துவக் கோப்பு, போர்வை, துண்டு, வெந்நீர்க் குடுவை, பிஸ்கட் பொட்டலம். சிலருடைய பையில் மட்டும் ஓர் எவர்சில்வர் டம்ளரும் இருக்கும். அண்மையில் ஓர் அம்மாவின் டம்ளர் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி ஒன்று இடப்பட்டிருந்தது. எதற்கு என்று கேட்டோம். வீட்டில் மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாது என்று மருமகள் வைத்த அடையாளம் என்றார். தட்டுக்கும் அதே புள்ளி உண்டாம். அவர் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. ஊரில் மழை பெய்தது என்பதைச் சொல்வதுபோல அதைச் சொன்னார். எங்களைச் சுட்டது அந்தச் சாதாரணக் குரல்தான்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கு வீட்டில் தனித் தட்டும் தனி டம்ளரும் வைப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றைப் பின்னர் சொல்கிறோம்.

புற்றுநோய் என்பது ஒருவருடைய சொந்த உடலின் அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது. அந்த அணுக்கள் எச்சில் வழியாகவோ, தொடுவதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ இன்னொருவர் உடலில் போய்க் குடியேறுவதில்லை. ‘சில புற்றுநோய்கள் கிருமியால் வருகின்றன என்கிறார்களே’ என்று படித்த பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பாப்பிலோமா என்னும் வைரஸும், கல்லீரல் புற்றுநோய் பலவற்றுக்கு மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களும், இரைப்பைப் புற்றுநோய் பலவற்றுக்கு ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும் காரணமாகின்றன. ஆனால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லக்கூடியது கிருமியே; புற்றுநோய் அன்று. முதல் இரண்டு வகைக் கிருமிகளும் சாப்பாட்டுத் தட்டின் வழியாகப் பரவுபவையும் அல்ல. மூன்றாவது, நம்மில் மிகப் பலருடைய இரைப்பையில் ஏற்கெனவே இருப்பது; அவர்களுள் மிகச் சிலருக்கே புற்றுநோய் உண்டாகிறது. ஆகவே தட்டைப் பிரித்து வைப்பதால் வீட்டில் எவருக்கும் எந்தப் பாதுகாப்பும் கூடப் போவதில்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததுண்டு. பெரும்பாலும் காசநோய்க் காலத்து நினைவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மருந்து இல்லாத அந்த நாள்களில் நோயாளியைத் திண்ணையிலோ பின்கட்டிலோ ஒதுக்கி, தட்டையும் சொம்பையும் பிரித்து வைத்தார்கள். அந்த அச்சத்துக்குப் பொருள் இருந்தது, அது தொற்றுநோய். ஆனால் அந்த நோயிலும் கூட என்ன நடந்தது என்பதை நம்மவர்கள் மறந்துவிட்டார்கள். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து ஆய்வு மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை நெருக்கடியான அவர்களுடைய சொந்த வீடுகளிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குச் சென்றவர்களின் குடும்பத்தாரைவிட அதிக ஆபத்து ஏற்படவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவுகள் உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றின. தொற்றும் நோயிலேயே, சிகிச்சை தொடங்கிய பின்னர், ஒதுக்கிவைப்பது தேவையற்றது என்று நம் சென்னையிலேயே நிறுவப்பட்டது. தொற்றாத நோய்க்கு நாம் இன்னும் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சிகிச்சைக் காலத்தில் வீட்டில் கவனமே தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மிகுந்த கவனம் தேவை. ஆனால் ஆபத்து வரும் திசை நேர்மாறானது. நோயாளியிடமிருந்து நமக்கு எதுவும் வருவதில்லை. நம்மிடமிருந்துதான் அவருக்கு வரக்கூடும். கீமோதெரபி ஏற்றிய பின் பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாள்களில் பள்ளியிலிருந்து வரும் பேரன் கொண்டுவருகிற சளியும், சாலையோரத்தில் வெட்டிவைத்த பழத்தில் இருக்கும் கிருமியும் அவரைப் பெரிதாகத் தாக்கக்கூடும். ஆகவே சளி, காய்ச்சல் உள்ளவர்கள் சில நாள் அருகில் வராதிருப்பது நல்லது. மற்ற எல்லாரும் கைகழுவிவிட்டு அருகில் உட்காரலாம். உணவு அன்றன்று சமைத்ததாக, சூடாக இருக்க வேண்டும். தட்டை எல்லார் தட்டோடும் சேர்த்துச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும்.

ஒரே ஒரு பொருள் மட்டும் நோயாளிக்கென்று தனியாக வீட்டில் இருக்க வேண்டும் என்றால், அது வெப்பமானி. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், அது நள்ளிரவானாலும் மருத்துவமனையை அழைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கும், தொற்றை அன்று. அணுக்கள் குறைந்த உடலில் சில மணி நேரத்தில் தொற்று இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். தட்டுக்குப் புள்ளி வைத்திருக்கும் வீட்டில் வெப்பமானி இல்லாததையும் கண்டிருக்கிறோம்.

இனி, சொல்லாமல் விட்ட விதிவிலக்குகள். கீமோதெரபி மருந்து ஏற்றிய பின் ஏறத்தாழ 48 மணி நேரம் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்தின் மிச்சம் வெளியேறும். அவற்றைத் துடைப்பவரும், அவை பட்ட துணிகளைத் துவைப்பவரும் கையுறை அணிய வேண்டும். அத்துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். கழிப்பறையை மூடி போட்டு இருமுறை நீர் பாய்ச்ச வேண்டும். கருவுற்ற பெண்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. கையுறை மருந்துக்காகத்தான், நோய்க்காக அன்று. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர்கள் சில நாள்களுக்குத் தனியறையில் இருக்க வேண்டும். தட்டும் தனியாகத்தான் இருக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை மருத்துவர் எழுதித் தருவார். அந்த நாள்கள் முடிந்தவுடன் தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். வெளியிலிருந்து இயந்திரம் மூலம் தரப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை அப்படிப்பட்டதன்று. இயந்திரம் நின்றவுடன் கதிரும் நின்றுவிடுகிறது. உடலில் எதுவும் தங்குவதில்லை. ஐந்து, ஆறு வாரம் கதிர்வீச்சுக்கு வந்துபோகும் இளம் தாய்மார்கள் குழந்தையை மடியில் வைக்க அஞ்சித் தள்ளியே படுக்கிறார்கள் என்று அறியும்போது, முதல் நாளே இதைச் சொல்லாமல் போனோமே என்று எங்களுக்குக் குற்ற உணர்வு ஏற்படுகிறது.

தட்டை மாற்ற நோயாளியே விரும்பும் சூழல் ஒன்றும் உண்டு. சில மருந்துகளால் வாயில் எப்போதும் இரும்பு நாவில் பட்டதுபோன்ற சுவை இருக்கும். எவர்சில்வர் தட்டும் கரண்டியும் அதை இன்னும் கூட்டும். அப்போது பீங்கானோ கண்ணாடியோ நல்லது. இலை அதைவிட நல்லது. ஒரு வீட்டில் அப்பாவுக்கு இலை போடத் தொடங்கி, பிறகு எல்லாருமே இலையில் சாப்பிடத் தொடங்கிவிட்டார்களாம். பாத்திரம் தேய்க்கும் வேலை மிச்சம் என்று அவ்வீட்டு அம்மா சிரித்தார். அதே வீட்டில் சமையலறைக் கதவை மூடிவிட்டுத்தான் தாளிப்பார்களாம்; தாளிப்பு மணமே குமட்டலைக் கிளப்பும் என்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள். ஆறிய தயிர் சோறு இறங்குகிற அளவுக்குச் சூடான சாம்பார் சோறு இறங்காது.

தட்டைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். தட்டோடு அது நிற்பதில்லை என்பதே காரணம். முதலில் தட்டு பிரிகிறது. பிறகு சாப்பிடும் நேரம் பிரிகிறது. பிறகு, அவர் அறையில் ஓய்வெடுக்கட்டும் என்று கதவு சாத்தப்படுகிறது. பணம், மகளின் வரன், நிலத்து விவகாரம் எல்லாம் கூடத்தில் தாழ்ந்த குரலில் பேசப்படுகின்றன. முப்பது ஆண்டுகள் வீட்டுக் கணக்கு எழுதியவரிடமிருந்து, ‘உங்களுக்கு எதற்குச் சிரமம்’ என்று கணக்கு நோட்டு வாங்கிக்கொள்ளப்படுகிறது. இவற்றுள் பெரும்பகுதி அன்பினால் நடப்பது என்பதை நாங்கள் அறிவோம். அச்சத்தால் ஒதுக்கப்பட்டாலும் அன்பால் ஒதுக்கப்பட்டாலும் ஒதுக்கப்பட்டவருக்கு அறை ஒன்றுதான்.

வேலையைப் பொறுத்தவரை எங்களுக்கு ஓர் ஐயமும் இல்லை. முடிந்த அளவு நடப்பதும் சிறு வேலைகள் செய்வதும் சிகிச்சைக் களைப்பைக் குறைக்கின்றன. நாள் முழுதும் படுத்திருப்பது கூட்டுகிறது. ஆனால் இங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் வீடு வெவ்வேறாக நடந்துகொள்கிறது. ஆண் நோயாளியின் கையில் தண்ணீர் டம்ளர் கூடக் கொண்டுவந்து தரப்படுகிறது. பெண் நோயாளியோ மருந்து ஏறிய மறுநாள் காலை அடுப்படியில் நிற்கிறார். நிற்கிறேன் என்று எங்களிடம் சொல்வதும் இல்லை. எவ்வளவு செய்ய விருப்பம், எவ்வளவு முடியும் என்று அவரிடமே கேட்பதைத் தவிர இதற்கு வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் கீரை ஆய முடியும், மறுநாள் முடியாது. நேற்று செய்தீர்களே என்று கேட்கக் கூடாது.

பார்க்க வருபவர்கள் தரும் பத்தியப் பட்டியலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். பாலை நிறுத்து, அரிசியை நிறுத்து, முட்டையைத் தொடாதே என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டு அவர்கள் பேருந்து ஏறிவிடுகிறார்கள். நோயாளியின் எடை குறைகிறது. எடையும் வலுவும் குறைந்தால் அடுத்த தவணை மருந்தைத் தள்ளிவைக்க நேரலாம். உணவைப் பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடும் உணவு ஆலோசகரோடும் மட்டும் எடுங்கள்.

இனி எங்கள் பக்கத்துத் தவறு. அந்த மருமகளை நாங்கள் குறை சொல்லத் தயாராக இல்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மருந்தின் பெயர், தவணையின் தேதி, செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் உடன் வரும் மகனிடம் நாங்கள் விளக்குகிறோம். சமைப்பவரும் துவைப்பவரும் இரவில் விழித்திருப்பவரும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாளில் தட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. வரி இல்லாத இடத்தை அக்கம்பக்கத்தார் நிரப்பிவிடுகிறார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள்: அடுத்த தவணைக்கு வரும்போது, வீட்டில் உண்மையாகவே பார்த்துக்கொள்பவரை ஒரு முறையாவது அழைத்து வாருங்கள். அவர் கேட்கத் தயங்கும் கேள்விதான் நாங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி.

அந்த அம்மாவிடமும் அதையே சொன்னோம். மூன்று வாரம் கழித்து மருமகள் வந்தார், இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. புறப்படும்போதுதான், மாமியார் குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாமா என்று கேட்டார். அத்தனை மாதமும் அவர் மனத்தில் இருந்தது அந்த ஒரு கேள்விதான். கொடுக்கலாம், குழந்தைக்குச் சளி இல்லாத நாள்களில் என்றோம்.

அதற்கடுத்த தவணையிலும் அம்மாவின் பையில் அந்த டம்ளர் இருந்தது. சிவப்புப் புள்ளியும் அழியவில்லை. இன்னுமா என்று கேட்டோம். வீட்டில் இப்போது எல்லாம் ஒன்றாகத்தான் கழுவுகிறார்கள் என்றார். இங்கே காகிதக் குவளையில் தரும் காபி சீக்கிரம் ஆறிவிடுகிறது, அதனால்தான் கொண்டு வந்தேன் என்றும் சொன்னார்.