200 வந்தால் வெற்றியா?

சர்வர் எழுதுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. ஸ்டேட்டஸ் கோடு 200 வந்துவிட்டால் பதில் முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பார்கள். லாகில் 200 இருக்கிறது, டாஷ்போர்டு பச்சையாக இருக்கிறது, இனி என்ன என்பார்கள். துண்டு துண்டாக ஸ்ட்ரீம் செய்து அனுப்பும் பதிலுக்கு இந்த நம்பிக்கை அடியோடு தவறு. பணம் புழங்கும் இடத்தில் அது ஆபத்தும்கூட.

எச்.டி.டி.பி.யில் ஸ்டேட்டஸ் கோடு முதல் வரியிலேயே கிளம்பிவிடுகிறது. வேலையைத் தொடங்க முடிந்தது என்பது மட்டுமே அந்த நொடியில் சர்வருக்குத் தெரியும். பத்தாயிரம் வரி அனுப்பியபின் டேட்டாபேஸ் கனெக்ஷன் அறுந்தால், 500 என்று மாற்றிச் சொல்ல வழியில்லை. மாட்டுங்கா மெஸ்ஸில் டோக்கன் கிழித்ததை வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்ததாகக் கணக்கெழுத முடியுமா?

தாராவி 90 அடிச் சாலையில் தோல் பை விற்கும் ஒருவர், க்யூ.ஆர். வழியாக வந்த மாத வரவை சி.எஸ்.வி. கோப்பாக இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20ஆம் தேதிவரை வரிகள் வந்தபின் சர்வரில் எரர். எஞ்சினியர் எழுதிய கோடு அந்த எரரைப் பிடிக்கிறது, லாகில் குறிக்கிறது, பிறகு பதிலை முறைப்படி முடித்து வைக்கிறது. கோப்பு ஒரு குறையும் இல்லாமல் திறக்கிறது. கடைசிப் பத்து நாள் வியாபாரம் மட்டும் அதில் இல்லை. அது அப்படியே ஆடிட்டரிடம் போகிறது.

குற்றம் அந்த ‘முறைப்படி முடித்து வைப்பதில்’தான் இருக்கிறது. எச்.டி.டி.பி. 1.1இல் சங்க் முறையில் போகும் பதில், பூஜ்ய அளவுள்ள சங்க் ஒன்றோடு முடிய வேண்டும். அது வந்து சேராத பதில் முழுமையற்றது என்று 2022இல் வந்த ஆர்.எஃப்.சி. 9112 தெளிவாகச் சொல்கிறது. எரர் வந்த பிறகும் எண்ட் என்று அழைத்தால், சர்வரே அந்தப் பூஜ்யத்தை அனுப்பி, அரைகுறைப் பதிலுக்கு முத்திரை குத்தித் தருகிறது. செய்ய வேண்டியது கனெக்ஷனை அறுப்பது. எக்ஸ்பிரஸின் இயல்பான எரர் ஹேண்ட்லர், எழுதத் தொடங்கிவிட்ட பதிலில் எரர் வந்தால் இதைத்தான் செய்கிறது. கோ மொழியில் இதற்கென்றே எர்அபார்ட்ஹேண்ட்லர் உண்டு. ஜி.ஆர்.பி.சி.யோ முடிவைத் தலையில் வைக்காமல் டிரெய்லரில், கடைசியில், சொல்கிறது.

கனெக்ஷனை அறுத்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், பாதியாவது கிடைக்கட்டுமே என்று வாதிடுகிறார்கள். பாதி என்று தெரிந்து கையில் வாங்கும் பாதி உதவும். முழுசு என்று நம்பி வாங்கும் பாதி நஷ்டத்தில்தான் விடும்.

தாராவியை ஒட்டிய பாந்த்ரா குர்லா வளாகத்தில் அலுவலகம் வைத்திருக்கும் என்.பி.சி.ஐ. இதை அறியாததல்ல. 2016இல் அது கொண்டுவந்த யு.பி.ஐ.யில், பணம் அனுப்பும் கோரிக்கைக்கு முதலில் வருவது ‘கிடைத்தது’ என்னும் அக் மட்டுமே. பணம் போனதா இல்லையா என்பது பிறகு தனிச் செய்தியாக வருகிறது. நடுவழியில் அறுந்துபோகும் என்பதை ரிசர்வ் வங்கியும் கணக்கில் எடுத்திருக்கிறது. அதன் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் பிடிக்கப்பட்டும் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும்; தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தர வேண்டும்.

முடிவு தெரியாவிட்டால் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்பதும் இதே நம்பிக்கையின் மறுபக்கம். 2025 ஏப்ரல் 12 அன்று யு.பி.ஐ. நாடு முழுக்கத் தடுமாறியது. சில வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளின் நிலையைக்கூடத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குவித்ததே காரணம் என்று என்.பி.சி.ஐ. கண்டறிந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 3 முறைதான் கேட்கலாம் என்ற வரம்பும் வந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பின்னாலுள்ள சேவை அனுப்பும் எரரே ஸ்ட்ரீமாக வரலாம். லாகுக்காக அதை முழுதாக மெமரியில் வாசிக்கிறவர்கள், எதிர்ப்பக்கம் நிறுத்தாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. சில கிலோபைட், சில விநாடி என்று வரம்பு வைத்து வாசியுங்கள். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பாடியை மூடுங்கள். டேபிள் பெயரும் உள் முகவரியும் கிடக்கும் அந்த எழுத்தை வாடிக்கையாளருக்கு அப்படியே தள்ளிவிடாதீர்கள்.

செம்பூரில் வீட்டிலிருந்தபடி கோடு எழுதுகிறவருக்கும், சென்னையிலிருந்து எழுதுகிறவருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் டெஸ்ட் சர்வரில் ஒரு பெரிய பதிலின் நடுவில் வேண்டுமென்றே எரரை எறியுங்கள். எச்.டி.டி.பி. 1.1 வழியாக அதை கர்ல் கொண்டு இறக்குங்கள். 18 என்ற பிழை எண்ணோடு கர்ல் நின்றால், உங்கள் சர்வர் உண்மை பேசுகிறது. 0 என்று முடிந்தால், அதைத் திருத்தும்வரை ரிலீஸ் செய்யாதீர்கள்.