ரப்பர் தவளையில் தொடங்காதீர்கள்

நெல்லைப் பக்கத்து இளைஞர்களுக்குத் தூண்டில் போடுவது இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகிவிட்டது. கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் பைக்கில் சிற்றாற்றங்கரைக்கோ பக்கத்துக் குளத்துக்கோ போவதைப் பார்க்கலாம். கைபேசியில் மூழ்கிக் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அவர்கள் கொண்டுபோகும் சாமானைப் பார்த்தால்தான் மலைப்பாக இருக்கிறது. கார்பன் கம்பு, சுழலும் ரீல், பின்னல் நூல், அறை அறையாகப் பிரித்த பெட்டியில் ரப்பர் தவளை, பளபளக்கும் தகடு, பிளாஸ்டிக் மீன். பொழுது சாய்ந்து திரும்பும்போது பெட்டியும் நிறைந்திருக்கும், வாளியும் காலியாக இருக்கும்.

யாரோ இவர்களுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மண்புழு கோத்துப் போடுவது பழங்காலத்து வேலை. முறையாகக் கற்க வேண்டுமென்றால் லூர் என்கிற செயற்கை இரையில் தொடங்கு. வெளிநாட்டில் எல்லாரும் அப்படித்தான். வகைக்கு ஒன்றாக வாங்கி வைத்துக்கொள், ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்றில் மீன் விழும். சரக்கு விற்கிறவர் இப்படிச் சொன்னால் அது அவர் பிழைப்பு, குறை சொல்ல மாட்டேன். மீன் பிடிக்கிறவர்களே இதை வேதமாக ஒப்பிப்பதால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வெளிநாட்டுக் கதையை எடுத்துக்கொள்வோம். இதற்குச் சாட்சியாகக் கூப்பிடப்படும் மீன்களில் ஸ்டீல்ஹெட் முக்கியமானது. வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட மறுபடி பிறந்த ஆற்றுக்கே ஏறி வரும் மீன் அது. இனத்தால் அது வானவில் ட்ரவுட்தான். கடலுக்குப் போய் வந்தது ஸ்டீல்ஹெட், ஆற்றோடு நின்றுவிட்டது ட்ரவுட், அவ்வளவே வித்தியாசம். அந்த ட்ரவுட் நமக்கும் அந்நியமில்லை. வில்சன் என்ற ஆங்கிலேயர் 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். மலையின் குளிர்ந்த ஓடைகளில் அந்த மீன் தங்கிவிட்டது. சமவெளிக்கு அது ஒருநாளும் இறங்கவில்லை, இறங்கவும் முடியாது. நம் ஆற்றின் வெயிலில் காய்ந்த தண்ணீர் அதற்கு எமன்.

ஸ்டீல்ஹெட்டுக்கு ‘ஆயிரம் வீச்சின் மீன்’ என்று அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. அத்தனை முறை வீசினால்தான் ஒன்று கிடைக்கும் என்பது அதன் பொருள். குளிர்காலத் தண்ணீரில் அது துரத்தி வந்து கடிக்காது. இரை அதன் மூக்குக்கு நேரே, ஆற்றின் அடிமட்டத்தை ஒட்டி, நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். அதற்காகத்தான் அங்கே அத்தனை தகடும் சுழலியும் முங்கு மீனும். அங்கேயும் எல்லாரும் லூர் ஆட்கள் என்பது பொய். பதப்படுத்திய சால்மன் முட்டையை முள்ளில் கட்டி, தக்கைக்குக் கீழே தொங்கவிட்டுப் பிடிப்பவர்கள் ஏராளம், புழு போடுகிறவர்களும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பல ஆறுகளில் இயற்கை இரைக்குத் தடை இருக்கிறது. ஏன் தடை? இயற்கை இரையை மீன் தொண்டை வரை விழுங்கிவிடும், அப்புறம் விடுவித்தாலும் பிழைப்பது கடினம் என்பதால். லூரில் அதிகம் விழும் என்பதற்காக யாரும் அந்தச் சட்டத்தைப் போடவில்லை. இயற்கை இரையின் வலுவுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

‘பழங்காலத்து வேலை’ என்ற ஏளனத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டார். நாட்டின் ஆறுகளில் பெரிய மீன் பிடிக்க வந்த வெள்ளைக்காரர்களுக்கு அது கையேடு. அதோடு அவர் நிறுத்தவில்லை. 1887இல் ‘டேங்க் ஆங்கிலிங் இன் இந்தியா’ என்று இன்னொரு நூல். குளத்தில் தூண்டில் போடுவதற்கென்றே ஒரு துரை தனிப் புத்தகம் போட்டிருக்கிறார்! காவிரியில் மாஷீர் என்னும் பெரும் கெண்டைக்காகக் கர்நாடகத்தில் முகாம்கள் நடந்த காலத்தில் உலகெங்கிலிருந்தும் தூண்டில்காரர்கள் வந்தார்கள். அங்கே முள்ளில் வைத்தது கேழ்வரகு உருண்டை. தென்னிந்திய ஆறுகளின் ஆகப்பெரிய கெண்டைக்கே களி போதுமென்றால், நம் கெளுத்திக்கு ஜப்பான் தகடு எதற்கு?

அடுத்தது, பெட்டியில் வகை கூடினால் மீனும் கூடும் என்ற நம்பிக்கை. முழுக் குழப்பமும் பிறக்கும் இடம் இதுதான். லூர் என்பது ஓடுகிற இரையின் பொம்மை. ஓடுகிற இரையைத் துரத்திப் பிடிக்கும் மீனுக்குத்தான் அது வேலை செய்யும். நம் தண்ணீரில் அப்படிப்பட்டவை எத்தனை? விரால் உண்டு, அதன் தம்பி குறவை உண்டு, ஆற்றின் ஆழத்தில் வாளை உண்டு. மற்றவற்றின் கதை வேறு. குத்தகைதாரர்கள் குளத்தில் விடும் கட்லா மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகு நடுமட்டத்தில் பாசியும் செடியும் மேயும். மிர்கால் அடியில் சகதியைக் கிளறும். இந்த மூன்றின் முன்னால் பகல் முழுக்கத் தகட்டை ஆட்டினாலும் அவை திரும்பிப் பார்க்கப்போவதில்லை. கெளுத்திக்கு மீசைதான் கண், இருட்டிலும் கலங்கலிலும் வாசனை பிடித்து வரும். ஆரால் கல்லிடுக்கில் புழுவுக்குக் காத்திருக்கும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எல்லாக் குளத்தையும் பிடித்துக்கொண்ட ஜிலேபி, பாசியில் தொடங்கிப் பரோட்டா மாவு வரை எதையும் தின்னும். ஆக, எந்த லூர் என்று கேட்கும் முன் இங்கே எந்த மீன், அது என்ன தின்கிறது என்று கேட்க வேண்டும். கரையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரிடமும் “அண்ணாச்சி, இங்க என்ன போட்டா எடுக்கும்?” என்று கேட்டால் போதும். “மொதல்ல எதுக்குல போடப் போற, அதச் சொல்லு” என்பார். பெட்டியில் இல்லாத பாடம் அது.

நிறத்தைப் பற்றிய நம்பிக்கைகளுக்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு வழியெல்லாம் அணைக்கட்டுகளில் பங்கு கொடுத்துவிட்டு, கங்கைகொண்டானைத் தாண்டி சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. ஐப்பசி கார்த்திகையில் செம்மண் கரைந்து தேநீர் நிறத்தில் ஓடும் தண்ணீரில் பச்சைத் தவளைக்கும் மஞ்சள் தவளைக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? அப்போது மீனுக்கு உதவுவது வாசனையும், உடம்பின் பக்கவாட்டுக் கோடு உணரும் அதிர்வும். தண்ணீர் தெளிந்திருக்கும்போது நிறத்துக்குக் கொஞ்சம் இடமுண்டு. அப்போதும் ஆழமும் வேகமும் சரியாக இருந்த பிறகுதான் நிறம்.

“அப்ப ரப்பர் தவளையில விரால் விழுறது பொய்யா?” என்று கேட்பீர்கள். பொய்யில்லை. லூர்க் கட்சியின் வலுவான வாதமே அதுதான். தாமரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் இடையே முள் சிக்காமல் ரப்பர் தவளையை இழுத்துவரலாம், புழுத் தூண்டில் அங்கே செல்லாது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெரிய விரால் எப்போது, ஏன் பாய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மழைக்காலத்தில் குளத்தோரம் நின்று பாருங்கள். நீர்மட்டத்தில் ஓரிடம் மட்டும் தூறல் விழுவதுபோலப் பொரிந்துகொண்டிருக்கும். கூர்ந்து பார்த்தால் அத்தனையும் செம்பு நிறக் குஞ்சுகள், விரல் நகத்தளவில், நூற்றுக்கணக்கில், ஒரே திரளாக ஏறி மூச்செடுத்து இறங்குகின்றன. அந்தத் திரளுக்கு நேர்கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். தவளையோ பாம்போ அருகில் வந்தால் பசிக்காக இல்லாமல் கோபத்தில் பாயும். ரப்பர் தவளைக்காரர்கள் குறிவைப்பது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். பெற்றவை போன பிறகு அந்தக் குஞ்சுகளைக் குறவையும் கெளுத்தியும் கொக்கும் ஒரே நாளில் தீர்த்துவிடும். இப்படிப் பிடித்த விராலைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற நாட்களில் விராலைக் கண்டுபிடிக்க ஒரு வழியுண்டு. அது காற்றைக் குடித்தே தீர வேண்டிய மீன். கரையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தால் சற்றைக்கொரு தடவை ‘ப்ளக்’ என்று மொள்ளும் ஒலி கேட்கும், வளையம் விரியும். அந்த வளையத்தைத் தாண்டி வீசத் தெரிந்த பிறகு தவளை வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கடைசியாக, புழுத் தூண்டில் ஒன்றும் கற்றுத்தராது, போட்டுவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான் என்ற பேச்சு. சும்மா உட்கார்ந்தவர்கள் சொல்வது அது. மெல்லிய தங்கூசி, சின்ன முள், அதற்கு ஒரு சாண் மேலே ஒரு ஈயக்குண்டு, மேலே மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை. இதை வைத்துக்கொண்டு முதலில் ஆழம் அளக்கப் பழகுவீர்கள். தக்கையை மேலே ஏற்றினால் ஈயம் தரைதட்டித் தக்கை சாயும், கீழே இறக்கினால் நிமிரும். தரை எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது. பிறகு கடியைப் படிக்கப் பழகுவீர்கள். ஜிலேபி கொத்தினால் தக்கை படபடவென்று நடுங்கும், உடனே சுண்டினால் வெறும் முள்தான் வரும். கெளுத்தி எடுத்தால் தக்கை பக்கவாட்டில் நகர்ந்து சரிந்து முழுகும். அடியில் மேயும் கெண்டை இரையை வாயில் எடுத்துத் தலையை நிமிர்த்தினால் ஈயத்தின் பாரம் நீங்கித் தக்கை மேலெழுந்து படுத்துவிடும். மூழ்கட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெண்டை போயே போய்விட்டது.

ஓடும் தண்ணீரில் இதே தூண்டில் இன்னொன்றும் சொல்லித்தரும். தடுப்பணைக்குக் கீழே வேகமாக ஓடும் நீரும் தேங்கிய நீரும் உரசும் இடத்தில் நுரை ஒரு கோடாக மிதந்து போகும். மீன் அந்தக் கோட்டுக்கு உள்பக்கம், தேங்கிய நீரில் நின்றுகொண்டு, ஓட்டம் கொண்டுவருவதை எட்டி எடுத்துக்கொள்ளும். தக்கை அந்தக் கோட்டோடு, நுரையின் வேகத்திலேயே போக வேண்டும். நூல் இழுத்துத் தக்கை முந்தினாலோ பிந்தினாலோ மீன் தொடாது. ஸ்டீல்ஹெட்காரர்கள் வருடக்கணக்கில் பழகுவதும் இதைத்தான். வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க விஷயம் இது ஒன்றே, அதற்குச் செலவு கிடையாது.

புழுவின் குறையையும் சொல்லாமல் விட்டால் நான் கட்சி கட்டியதாகிவிடும். ஆழ விழுங்கிய முள் மீனைக் கொல்லும். கடித்ததும் கவனித்து இழுங்கள். முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். சின்ன மீனைத் திரும்ப விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், உலர்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். கெளுத்தியையும் தேளியையும் கழற்றும்போது முதுகு முள்ளும் பக்க முட்களும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துத் தொடுங்கள். தேளி குத்தினால் என்ன ஆகும் என்பதைப் பெயரே சொல்கிறது.

இடம் பார்த்து உட்காருவதும் இதில் சேர்த்திதான். கங்கைகொண்டானில் 2013 முதல் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது, அதன் எல்லைக்குள் தூண்டிலோடு நுழையாதீர்கள். மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் அணைகளும் ஆற்றுப்பகுதிகளும் அப்படியே. பாபநாசம் கோயில் படித்துறையில் மக்கள் பொரி போட்டு வளர்க்கும் மீன்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. குளங்கள் பெரும்பாலும் மீன் குத்தகையில் இருக்கும், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். அறுந்த தங்கூசியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நாரையின் காலில் அது சுற்றினால் அறுத்துவிட ஆளில்லை.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் வாங்க வேண்டியது இவ்வளவுதான்: ஒரு மூங்கில் கம்பு, ஒரு சுருள் மெல்லிய தங்கூசி, பத்துச் சின்ன முள், கொஞ்சம் ஈயக்குண்டு, இரண்டு தக்கை. மண்புழு வாய்க்கால் வரப்பில் இலவசம். ஒரு மழைக்காலம் முழுக்க இதை வைத்து ஜிலேபியும் கெளுத்தியும் பிடித்துப் பழகுங்கள். ரப்பர் தவளையை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம், கடை எங்கேயும் ஓடிவிடாது.