ஒப்பாரியும் உறுமலும்

ஒரு மாதமாக எழுதத் தயங்கிய பதிவு இது. சற்றே நீண்டது, பொறுத்தருள்க.

வெதுருகுப்பத்தில் என் பாட்டி இறந்த அன்று, கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்திருந்தனர். பெரிய அத்தை ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். தாயின் பெருமையில் தொடங்கிய பாட்டு, சிறிது நேரத்தில் தனக்குச் சேர வேண்டியிருந்த நிலத்தைப் பற்றியும், சீர் கொண்டுவராத உடன்பிறந்தாரைப் பற்றியும் பேசலாயிற்று. அப்போது உறவினர் ஒருவர், "போதும் அத்தை, பிள்ளைங்க பயப்படுது. அமைதியா சாமி பாட்டு போடலாம்" என்றார். கைப்பேசியில் பக்திப் பாடல் ஒலித்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றிரவு மொட்டை மாடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓபெத் குழுவின் 'ஸ்டில் லைஃப்' இசைத்தொகுப்பை முழுவதும் கேட்டேன். நான் அழுதது அப்போதுதான்.

அறியாதோர்க்கு ஒரு சொல். ஓபெத் ஸ்வீடன் நாட்டுக் குழு. 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கும் வந்து வாசித்திருக்கிறது. புரோகிரெசிவ் டெத் மெட்டல் என்னும் வகையில் 1999இல் வெளிவந்த இத்தொகுப்பு, 7 பாடல்களில் ஒரே கதையைச் சொல்கிறது. ஊரின் சமய நம்பிக்கையை ஏற்காததால் விரட்டப்பட்ட ஒருவன், பல ஆண்டுகளுக்குப் பின் தன் காதலி மெலிண்டாவைத் தேடித் திரும்புகிறான். அவள் கொல்லப்படுகிறாள். வெறிகொண்டு பழிதீர்த்தவன் இறுதியில் தூக்கு மேடை ஏறுகிறான். பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் அவன் ஏக்கத்தைத் தெளிந்த குரலிலும், அவன் உடைவதை உறுமலிலும் பாடுகிறார். இந்த உறுமலைக் கட்டற்ற கூச்சல் என்போர் உளர். உண்மையில் அது, குரல் நாண்களுக்கு மேலுள்ள மடிப்புகளையும் அதிரச் செய்யும், நெடுநாள் பயின்று பெறும் கலை.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் 'கர்ண மோட்சம்' நினைவுக்கு வரும். சித்தூர் 1911இல் தனி மாவட்டமாகும் வரை எங்கள் பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. அந்த வட ஆர்க்காட்டு நிலத்தில், கருமாதி இரவில் கர்ண மோட்சம் கூத்து ஆடுவது வழக்கம். இங்கும் நாயகன் விலக்கப்பட்டவனே. பிறப்பைச் சொல்லிச் சொல்லி அவமதிக்கப்பட்டவன். அவன் சாவான் என்பது கூடியிருக்கும் அனைவருக்கும் முன்பே தெரியும். ஆயினும் பொன்னுருவியிடம் அவன் விடைபெறுவதை நெடுநேரம் பாடுவார்கள். பின்பாட்டுக்காரர் அடிகளை வாங்கித் திரும்பப் பாட, முகவீணை உடன் அழும். விடியற்பொழுதில் குந்தி வந்து பிணத்தை மடியில் கிடத்தி, 'மகனே' என்கிறாள். உயிரோடிருந்தபோது ஊரறியச் சொல்ல முடியாத உறவு, அவன் செத்த பிறகே ஓலமாக வெளிப்படுகிறது.

என் கருத்து இதுதான். இரங்கற்பாட்டு என்பது இறந்தவரைப் புகழ்வதோடு முடிவதன்று. இருந்தபோது சொல்லக்கூடாதிருந்தவற்றைச் சொல்வதற்கு உயிரோடிருப்போர்க்குக் கிடைக்கும் ஒரே அவை அது. அங்கு எழும் குரல் இனிமையாக இருக்க இயலாது, இருக்கவும் வேண்டியதில்லை. 'பிள்ளைகள் பயப்படுகின்றன' என்று அத்தையை நிறுத்தியவர் அஞ்சியது அந்த ஓசைக்கு அன்று. நிலத்தைப் பற்றிய அந்த அடிக்குத்தான் என்பது என் துணிபு.

இரண்டு மறுப்புகள் எழலாம். துயரத்தைச் சுருங்கவும் சொல்லலாமே, பாரி மகளிர் ஐந்தே அடிகளில் சொல்லவில்லையா என்பது ஒன்று. சொன்னார்கள்தான். ஆனால் அச்சுருக்கம் அவர்களே தேர்ந்துகொண்டது. பிறர் வாயை மூடியதால் விளைந்ததன்று.

மற்றொன்று கனமானது. சாவு வீட்டுப் பறையையும் கூலிக்கு மாரடிக்கும் வேலையையும் குறிப்பிட்ட சாதியார் மேல் சுமத்திய ஊர்தானே இது, அந்த மரபுக்கா ஏங்குகிறாய் என்று கேட்கலாம். இல்லை. இழவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்களின் பக்கமே நியாயம் இருக்கிறது. பிறர் நமக்காக அழும் ஏற்பாடு ஒழியட்டும். அது ஒழிந்த இடத்தில் நாமே அழக் கற்றிருக்க வேண்டும். நாமோ ஒலிப்பதிவை ஓடவிட்டுவிட்டோம். பாடுபவளை நிறுத்திவிட்டு அவள் இடத்தில் ஒரு கருவியை வைத்ததைப் பண்பாட்டு முன்னேற்றம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

என் மேலும் குற்றம் உண்டு. ஓபெத் எனக்களித்தது காதுக்குள் அடங்கிய, தனித்த அழுகை. அதைக் குறைத்து மதிப்பிடமாட்டேன். அன்றிரவு என்னைக் காத்தது அதுவே. ஆயினும் ஒப்பாரியில் ஒருத்தி அழும்போது தோளைக் கட்டிக்கொள்ள மற்றொருத்தி இருப்பாள். அவள் சொல்லும் குறையை ஊர் கேட்டாக வேண்டும். ஒப்பாரியைப் பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்த நான், கூடத்தில் 'அத்தை பாடட்டும்' என்று சொல்லவில்லை. மாடிக்குச் சென்றுவிட்டேன்.

சென்ற வாரம் அத்தையிடம் தொலைபேசியில், அன்று விட்ட இடத்திலிருந்து பாட முடியுமா, பதிவு செய்துகொள்கிறேன் என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "சும்மா இருக்கிற வீட்ல அதப் பாடக்கூடாதுப்பா. எழவு விழுந்த வீட்லதான் பாடணும்" என்றார்.