பழசானது கம்ப்யூட்டரா, புத்தியா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அன்று தொடங்கியது பஜனை. “அஞ்சு வருஷம் தாண்டிடுச்சா? அதுல இனிமே ஒரு பைசா போடாதீங்க. மொத்தமா தூக்கிப் போட்டுட்டுப் புது செட் எடுத்துடுங்க!” ரிச்சி தெருக் கடைக்காரர் இப்படிச் சொன்னால் அது அவர் பிழைப்பு என்று விட்டுவிடலாம். ஆனால் பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் மாணவரும், ஆபீஸ் சிஸ்டம் அட்மினும், யூடியூப் நிபுணரும் கோரஸாக இதையே பாடுகிறார்கள். எந்தப் பாகம் தடுமாறுகிறது, எது இன்னும் திடமாக இருக்கிறது என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! கிரைண்டரில் பெல்ட் அறுந்தால் பெல்ட்டைத்தான் மாற்றுகிறோம், கல்லையும் டிரம்மையும் சேர்த்துக் குப்பையில் போடுவதில்லை. கேம் ஆடும் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் மட்டும் இந்தச் சாதாரண புத்தி எங்கே போய்விடுகிறது?

இந்த மூடநம்பிக்கைக்குச் சம்மட்டி அடியாக ஒரே ஒரு உதாரணம் போதும்: ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட். 2017-இல் முதல் ரைசன் ப்ராசஸர்கள் வந்தபோது, பி350 மதர்போர்டில் ரைசன் 5 1600-ஐப் போட்டு அசெம்பிள் செய்தவர்கள் ஏராளம். ஐந்து வருடம் கழித்து, 2022 ஏப்ரலில், ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது. எட்டு கோர், 96 எம்.பி. எல்3 கேஷ். அன்றைக்கு இன்டெல்லின் உச்ச வரிசையில் இருந்த கோர் ஐ9-12900கே-வோடு கேம்களில் தோளுரசி நின்றது அது. பயாஸ் அப்டேட் கிடைத்த அந்தப் பழைய பி350 போர்டிலேயே, அதே டிடிஆர்4 ராமோடு, இது உட்கார்ந்தது. “அஞ்சு வருஷமானா அவ்வளவுதான்” என்ற வேதவாக்கு ஐந்தாவது வருடத்திலேயே பொய்த்துப்போனது. ஏஎம்டி ஒன்றும் தர்மப் பிரபு அல்ல. பழைய போர்டுகளுக்கு 5000 வரிசை ப்ராசஸர்கள் கிடையாது என்று 2020-இல் அதுவும் கைவிரிக்கத்தான் பார்த்தது. வாங்கியவர்கள் போட்ட சத்தத்தில் முதலில் 400 வரிசைப் போர்டுகளுக்கு இறங்கிவந்தது, 2022-இல் 300 வரிசைப் போர்டுகளுக்கும் வழிவிட்டது. ஆக, “முடியாது” என்று சொல்லப்பட்டது தொழில்நுட்பத்தின் எல்லை அல்ல, வியாபாரத்தின் எல்லை.

“விண்டோஸ் 11 ஏறாதே!” என்று உடனே ஒரு கை உயரும். ஏறாதது ப்ராசஸரால், ஐயா, கம்ப்யூட்டரால் அல்ல. ரைசன் 5 1600 மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை, உண்மைதான். ஆனால் 5000 வரிசை இருக்கிறது. பழைய ப்ராசஸரைக் கழற்றி ரைசன் 7 5700எக்ஸைப் போட்டு, பயாஸில் எஃப்டிபிஎம்-மையும் செக்யூர் பூட்டையும் ஆன் செய்தால் தீர்ந்தது விவகாரம். 1600-ம் 65 வாட், 5700எக்ஸும் 65 வாட். எஸ்.எம்.பி.எஸ். அப்படியே இருக்கட்டும். “5800எக்ஸ்3டி இப்போ எங்க சார் கிடைக்குது?” என்று அடுத்த கை உயரும். கிடைக்காவிட்டால் போகட்டும், 1600-இலிருந்து வருகிறவருக்கு 5700எக்ஸே பெரிய தாவல். மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு அந்த ப்ராசஸரை ஏற்கும் பயாஸ் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே படுத்துவிடும், ஆகவே யூ.பி.எஸ். இல்லாமல் கை வைக்கக் கூடாது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒரு கேமை ஓட்டினால் காய்ந்த தெர்மல் பேஸ்ட் இளகும். ஆஃப் செய்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகிய பிறகே மேலே தூக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வரும், பின்கள் வளையும். இந்த ஒரு மணி நேர வேலைக்குச் சோம்பிக்கொண்டுதான் முழு செட்டுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள்.

எதை மாற்றுவது என்று கண்டுபிடிக்க ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திணறும் கேமை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஜிவ்வென்று ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில். அசையாமல் அங்கேயே நின்றால் பெரும்பாலும் ப்ராசஸரிலோ ராமிலோ. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய காசில்லா வைத்தியங்கள் இருக்கின்றன. 3200 வேக ராமை வாங்கிவிட்டு, பயாஸில் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யாமல் 2133-லேயே ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராமையும் அடுத்தடுத்து செருகி, டூயல் சேனலைக் கோட்டை விட்டவர்கள் எத்தனை பேர்! 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் செட்டிங்கில் 60-லேயே வைத்துக்கொண்டு “ஸ்மூத்தா இல்ல” என்று புலம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களும் நாளைக்குப் புது செட் வாங்குவார்கள், அதையும் 60-லேயே ஓட்டுவார்கள்.

“புது கார்டு போட்டா எஸ்.எம்.பி.எஸ். தாங்காது” என்பது அடுத்த பூச்சாண்டி. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-இன் 6 ஜிபி கார்டு 120 வாட் இழுத்தது. 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட். வேகம் இரண்டு மடங்குக்கும் மேல், கரண்ட் அதைவிடக் குறைவு. எட்டுப் பின் ஒயர் உள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ். வீட்டில் இருந்தால் பேச்சு முடிந்தது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கார்டையும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு நான்கே பிசிஐஇ லேன்கள். பிசிஐஇ 3.0 ஸ்லாட் உள்ள பழைய போர்டில் போட்டால் அது மூச்சு வாங்கும். பழைய கம்ப்யூட்டர்காரர்களின் பட்ஜெட்டுக்கென்று வந்த கார்டு பழைய கம்ப்யூட்டரிலேயே நொண்டுகிறது என்றால், அது யாருடைய குற்றம்? ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ மாதிரி ரே டிரேசிங் இல்லாமல் ஓடவே ஓடாத கேம்கள் வந்துவிட்டன என்பார்கள். வரட்டுமே. அதற்கு மாற்ற வேண்டியது கார்டு. கேபினட்டையும் மானிட்டரையும் எதற்கு மாற்ற வேண்டும்?

“எங்ககிட்ட இருக்கறது இன்டெல்லாச்சே” என்பவர்களுக்கு என் அனுதாபம். 2017 ஜனவரியில் இசட்270 போர்டு வாங்கியவர்களுக்கு அதே வருடம் அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை ப்ராசஸர் கிடையாது என்றது அந்த நிறுவனம். சாக்கெட் பெயர் என்னவோ இரண்டிலும் எல்ஜிஏ 1151-தான்! ஏஎம்4-ஐ ஐந்து வருடம் கழித்தும் புதுப்பிக்க முடிந்தது, இதை ஒன்பதே மாதத்தில் கைகழுவினார்கள். கோபப்பட வேண்டிய இடம் இது. அதை விட்டுவிட்டு, “கம்ப்யூட்டர்னாலே அப்படித்தான்” என்று தலையாட்டுகிறோம். அங்கேயும் போர்டு, ப்ராசஸர், தேவைப்பட்டால் ராம், அவ்வளவுதான் போகும். மற்றதெல்லாம் அப்படியே புதுப் போர்டுக்குக் குடிபெயரும்.

போர்டு போகட்டும், இப்போதெல்லாம் ராமில்கூட வண்ண விளக்கு எரிகிறது. நாற்காலிக்கு ‘கேமிங்’, மவுஸ் விரிப்புக்கு ‘கேமிங்’ என்று பெயர் ஒட்டினால் விலை கூடுகிறது. ‘ஃபியூச்சர் ப்ரூஃப்’ என்று சொல்லி இன்றைக்குத் தேவையில்லாததை இரட்டை விலைக்கு விற்றவர்களே, ஐந்து வருடம் கழித்து “இது பழசு சார்” என்கிறார்கள். இதில் 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பையெல்லாம் வளைத்துப்போட, ராம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் சில்லறை விற்பனைப் பிராண்டையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. இந்த நேரத்தில் கையில் இருக்கும் 16 ஜிபி டிடிஆர்4-ஐ ஓரம் கட்டிவிட்டு டிடிஆர்5 வாங்கச் சொல்பவர் நண்பரா, எதிரியா? நாம் தூக்கிப் போடுவது எங்கே போகிறது என்று கேட்பதற்கும் ஆள் இல்லை. 2022-இல் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது அதில் கால்பங்குகூட இல்லை.

ஆகவே, “புது செட் எடுங்க” என்று அடுத்து யார் சொன்னாலும் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்தப் பாகத்தால மெதுவா ஓடுது?” அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரின் யோசனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.