எதிராளி ஓடினால், விழாததற்கு யார் பொறுப்பு? 445 குத்துகளை வைத்து ஒரு கணக்கு

2025 மே 4, ஞாயிறு அதிகாலை, ரியாத். ஒரு பக்கம் மெக்சிகோவின் கனெலோ அல்வாரஸ். இன்னொரு பக்கம் கியூபாவில் பிறந்த வில்லியம் ஸ்கல், அதுவரை 23 சண்டைகளில் ஒன்றில்கூட தோற்காதவர். 12 ரவுண்ட், 36 நிமிடம். இருவரும் சேர்ந்து வீசிய குத்துகள் மொத்தம் 445.

இது எவ்வளவு குறைவு? 1985-லிருந்து குத்துகளை எண்ணிக் கணக்கு வைக்கும் கம்ப்யூபாக்ஸ் நிறுவனத்தின் பதிவுகளில், 12 ரவுண்டும் முழுசாக நடந்த சண்டைகளிலேயே இதுதான் மிகக் குறைந்த எண்ணிக்கை. சராசரியாக 5 விநாடிக்கு ஒரு குத்து. அதுவும் இரண்டு பேருக்கும் சேர்த்து.

கனெலோ ஜெயித்தார். சூப்பர் மிடில்வெயிட் பிரிவின் நான்கு பட்டங்களும் மீண்டும் அவர் கைக்கு வந்தன. ஆனால் அன்று காலை உங்கள் டைம்லைனில் பட்டத்தைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ‘ஸ்கல் ஓடிக்கொண்டே இருந்தால் கனெலோ என்ன செய்வார்?’ என்று ஒரு கட்சி. ‘ஓடுகிற ஆளைப் பிடிக்கத் தெரியாதவன் என்ன சாம்பியன்?’ என்று இன்னொரு கட்சி. கனெலோவே கிட்டத்தட்ட முதல் கட்சிதான். தப்பிக்க மட்டும் வரும் ஆட்களோடு மோதுவது தனக்குப் பிடிக்காது என்ற தொனியில்தான் சண்டை முடிந்ததும் பேசினார்.

இரண்டு கட்சியும் கணக்கைப் பார்க்கவில்லை என்பதுதான் என் பிரச்னை.

சிட்னியில் நாம் யாரைப் பாராட்டினோம்?

முதலில் நமக்குத் தெரிந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம். 2021 ஜனவரி 11, சிட்னி டெஸ்ட்டின் கடைசி நாள். தொடைத் தசை இழுத்துக்கொண்ட நிலையில் ஹனுமா விஹாரி 161 பந்துகளில் 23. முதுகு வலியோடு அஷ்வின் 128 பந்துகளில் 39. இருவரையும் கடைசி வரை பிரிக்க முடியவில்லை. மேட்ச் டிரா. கம்மின்ஸ், ஹேசல்வுட், ஸ்டார்க், லயன் நான்கு பேரும் பந்து வீசியும் விக்கெட் விழவில்லையே, அவர்கள் மோசமான பந்துவீச்சாளர்கள் என்று யாராவது சொன்னோமா? இல்லை. தடுத்து நின்றவர்களைக் கொண்டாடினோம்.

குத்துச்சண்டையில் இது அப்படியே தலைகீழ். தடுத்து நின்றவருக்குக் கைதட்டல் கிடையாது, அடித்து வீழ்த்த முடியாதவருக்கு வசவு. காரணம் எளிது. டெஸ்ட்டில் தாக்குப்பிடித்தால் டிரா கிடைக்கும். ரிங்கில் தாக்குப்பிடித்தாலும் பாயிண்ட்ஸில் தோல்விதான். அப்புறம் ஏன் தாக்குப்பிடிக்க வேண்டும்? ஒப்பந்தத்தில் எழுதிய தொகை எப்படியும் வரும். ‘கனெலோவோடு 12 ரவுண்ட் நின்றவன்’ என்ற பெயர் அடுத்த ஒப்பந்தத்துக்கு உதவும். முக்கியமாக, மண்டை பத்திரமாக வீடு திரும்பும்.

கடைசிக் காரணத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியிடம் 14-வது ரவுண்ட் வரை நின்று அடிவாங்கிய தென்கொரியாவின் டுக் கூ கிம், சில நாட்களில் இறந்துபோனார். உலகப் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12-ஆகக் குறைந்ததற்கு அந்த மரணம்தான் தொடக்கம். ஓடுகிற பாக்ஸரைக் கோழை என்று டைப் செய்வதற்கு முன் இது ஞாபகத்தில் இருப்பது நல்லது.

நாக் அவுட் சதவீதம் என்ற ஏமாற்றுக்காரன்

பாக்ஸர் ரிங்குக்குள் நடந்து வரும்போது திரையில் ஒரு நம்பர் போடுவார்கள். இத்தனை வெற்றி, அதில் இத்தனை நாக் அவுட். ஒரு பேட்ஸ்மேனின் சராசரியைப் போலத்தான் நாம் அதைப் படிக்கிறோம். ஆனால் கிரிக்கெட்டில் எதிரணியை பேட்ஸ்மேன் தேர்ந்தெடுப்பதில்லை. இங்கே எதிராளியைத் தேர்ந்தெடுப்பதே வியாபாரத்தின் பாதி.

நியூயார்க்கின் எட்கர் பெர்லாங்கா தன் முதல் 16 சண்டைகளையும் முதல் ரவுண்டிலேயே முடித்தார். 16-க்கு 16. நூறு சதவீதம். 2021 ஏப்ரலில் டிமாண்ட் நிக்கல்சன் என்பவரோடு மோதினார். பலமுறை கீழே தள்ளினார், ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் எழுந்துவிட்டார். சண்டை பாயிண்ட்ஸுக்குப் போனது. அடுத்து வந்த சண்டைகளும் வரிசையாக பாயிண்ட்ஸ். ஒரே வருஷத்தில் பெர்லாங்காவின் கை பலம் கரைந்துவிட்டதா என்ன? எதிரே நின்ற ஆட்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

இனி எதிர்ப்பக்க உதாரணம். 2022 டிசம்பர் 13, டோக்கியோ. நவோயா இனோவே, பால் பட்லர். பட்லர் அன்று ஜெயிக்க வந்த மாதிரியே தெரியவில்லை. கைகளை முகத்துக்கு முன் கட்டி, பின்னால் போய்க்கொண்டே இருந்தார். இனோவே கைகளைக் கீழே தொங்கவிட்டார், முதுகுக்குப் பின்னால்கூடக் கட்டிக்கொண்டார். ‘வா, அடி’ என்பது போல. அப்படியும் பட்லர் வரவில்லை. 11-வது ரவுண்டில், ஒரு நிமிடம் 9 விநாடியில்தான் சண்டை முடிந்தது. இனோவே நான்கு பட்டங்களையும் ஒன்றாக்கிய மாபெரும் நாக் அவுட் என்று செய்தி வந்தது.

மிச்சம் இருந்தது 4 நிமிடம் 51 விநாடி. பட்லர் அதையும் எப்படியோ கடந்திருந்தால், ‘பட்லரைக்கூட முடிக்க முடியாத இனோவே’ என்று தலைப்பு வந்திருக்கும். முதல் பத்து ரவுண்டில் இனோவே செய்த எதுவும் மாறியிருக்காது. அதே அழுத்தம், அதே உடல் குத்துகள், அதே கட்டுப்பாடு. முடிவு மட்டும் வேறு. முடிவை வைத்து மொத்தத்தையும் எடை போடும் இந்தப் பழக்கத்தை ஆபீஸ் அப்ரைசலில் பார்த்திருப்பீங்க.

அப்போ எதைப் பார்ப்பது?

ஜட்ஜ்கள் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்பது விதி: சுத்தமாக விழுந்த குத்து, பலன் தரும் ஆக்ரோஷம், ரிங் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது, தற்காப்பு. ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9. கீழே விழுந்தால் பொதுவாக 8. நாக் அவுட்டுக்கு முயற்சி செய்தாரா என்ற கேள்வி இந்தப் பட்டியலிலேயே இல்லை. துரத்துவதற்குத் தனியாக மார்க் கிடையாது. துரத்தி அடித்தால்தான் அது ‘பலன் தரும்’ ஆக்ரோஷம்.

காகிதத்தில் அப்படி. நடைமுறை வேறு. 2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் பிலிப்பைன்ஸின் ஜான்ரியல் காசிமெரோவும், இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற கியூபாவின் கில்லெர்மோ ரிகொண்டோவும் மோதினார்கள். காசிமெரோ 12 ரவுண்டும் துரத்தினார், ரிகொண்டோ 12 ரவுண்டும் விலகினார். காசிமெரோ வீசியது 297, பட்டது 47. ரிகொண்டோ வீசியது 221, பட்டது 44. வித்தியாசம் மூன்றே மூன்று குத்து. ஒரு ஜட்ஜ் ரிகொண்டோவுக்கு 115-113 கொடுத்தார். மற்ற இருவர் காசிமெரோவுக்கு 116-112, 117-111. முன்னால் நடக்கிறவர் ஜெயிக்கிற மாதிரி தெரிவார். கண்ணின் பழக்கம் அது, ஜட்ஜ்களின் கண்ணுக்கும்தான்.

இதற்கு நேர்மாறான, நியாயமான கணக்கு ஒன்று பழைய சண்டையில் இருக்கிறது. 1987 மார்ச் 7, லாஸ் வேகாஸ். 20 வயது மைக் டைசன், எதிரே ஜேம்ஸ் ‘போன்க்ரஷர்’ ஸ்மித். பட்டப்பெயர் எலும்பை நொறுக்குபவர். அன்று அவர் நொறுக்கவில்லை, கட்டிப்பிடித்தார். ரவுண்டுக்கு ரவுண்ட், டைசன் நெருங்கிய உடனே கட்டிப்பிடித்தார். ரெஃப்ரி மில்ஸ் லேன் இரண்டு பாயிண்ட் வெட்டினார். இரண்டு ஜட்ஜ்கள் 120-106, ஒருவர் 119-107. அதாவது மூன்று ஜட்ஜ்களும் சேர்ந்து ஸ்மித்துக்குக் கொடுத்தது ஒரே ஒரு ரவுண்ட். டைசனின் நாக் அவுட் கணக்கில் அன்று எதுவும் ஏறவில்லை. ஆனால் அடுத்த சண்டையில், மே மாதம், பிங்க்லன் தாமஸை 6-வது ரவுண்டில் முடித்தார். ஸ்மித் விழாததில் டைசனின் குறை எதுவும் இல்லை. அன்று நடந்தது முழுக்க ஸ்மித்தின் முடிவு.

சரி, கனெலோ?

இப்போது அந்த 445-ஐப் பிரித்துப் பார்ப்போம். இங்கேதான் எனக்கு முதல் கட்சியோடு பிரச்னை.

ஸ்கல் வீசியது 293. கனெலோ வீசியது 152.

மறுபடி படியுங்கள். ‘ஓடிக்கொண்டே இருந்த’ ஆள், துரத்தியவரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு குத்து வீசியிருக்கிறார். பட்ட குத்துகள்: கனெலோ 56, ஸ்கல் 55. கனெலோவின் கணக்கு ரவுண்டுக்கு 13 குத்துகூட இல்லை. ஒரு ரவுண்ட் மூன்று நிமிடம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இந்த எண்களுக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூபாக்ஸ் என்றால் சென்சார் இல்லை. ஆளுக்கொரு பாக்ஸரைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் பட்டனை அழுத்துகிறார்கள். பட்டதா, படவில்லையா என்று பதிவாகும், எவ்வளவு பலமாகப் பட்டது என்பது பதிவாகாது. கனெலோவின் ஒரு குத்தும் ஸ்கல்லின் ஒரு ஜாபும் சமம் கிடையாது. ஜட்ஜ்கள் 115-113, 116-112, 119-109 என்று கனெலோ பக்கம் போனதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனாலும் ஒரே சண்டையில் ஒருவர் 7-5 என்கிறார், இன்னொருவர் 11-1 என்கிறார். நான்கு ரவுண்ட் வித்தியாசம். எதுவும் நடக்காத ரவுண்டில் ஜட்ஜ் தன் எண்ணத்தைத்தான் எழுதுகிறார்.

எதிராளி ஓடினார் என்பது உண்மை. ஸ்கல்லின் குத்துகளில் பெரும்பாலானவை வலிக்க வேண்டும் என்பதற்காக வீசப்பட்டவை அல்ல, தூரத்தைக் காப்பாற்ற வீசப்பட்டவை. ஆனால் ஓடுகிறவரை நிறுத்த வழிகள் இருக்கின்றன. அவர் போகும் பக்கமாகக் குறுக்கே காலை வைத்து ரிங்கைச் சுருக்கலாம். தலை கிடைக்கவில்லை என்றால் கை, தோள், விலா என எங்கே கிடைக்கிறதோ அங்கே அடித்து வேகத்தைக் குறைக்கலாம். படாது என்று தெரிந்தே நான்கு குத்து வீசி, ஐந்தாவதற்கு இடம் உண்டாக்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான தேவை ஒன்று: நிறைய வீச வேண்டும். கனெலோ ஒரே ஒரு பெரிய குத்துக்காகக் காத்துக்கொண்டே பின்னால் நடந்தார். இனோவேயும் டைசனும் செய்ததை வைத்துப் பார்த்தால் இதை ‘எதிராளியின் தற்காப்பு’ என்ற கணக்கில் எழுத முடியாது.

இது ஒரு ராத்திரிக் கதையும் இல்லை. கனெலோ கடைசியாக ஒருவரை முடித்தது 2021 நவம்பரில், கேலப் பிளான்ட்டை, 11-வது ரவுண்டில். ஸ்கல்லுக்கு முன் ஆறு சண்டைகள், ஆறும் பாயிண்ட்ஸுக்குப் போனவை. ஆனால் அந்த ஆறையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். பிவோலிடம் தோற்றார். கோலோவ்கினை ஜெயித்தார். ரைடர், சார்லோ, முங்குய்யா, பெர்லாங்கா நால்வரையும் கீழே விழ வைத்தார். இரண்டு எடைப்பிரிவு தாண்டி மேலே வந்த சார்லோ, விழுந்து எழுந்த பிறகு சண்டையை எப்படியாவது கடந்தால் போதும் என்று ஆடினார். அவரை முடிக்காததற்கு கனெலோவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஸ்கல் விஷயம் வேறு. கீழே விழவில்லை, தடுமாறவில்லை, அவசரம் காட்ட வேண்டிய நிலைக்குக்கூட வரவில்லை.

கனெலோவுக்காக ஒன்று சொல்லலாம். காற்றே அப்படி அடித்த வாரம் அது. இரண்டு நாள் முன்பு நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் ரயன் கார்சியா – ரோலாண்டோ ரொமேரோ சண்டையில் மொத்தம் 490 குத்து. அதே மேடையில் டெவின் ஹேனி – ஹோசே ராமிரெஸ் சண்டையில் 503. எல்லா நேரத்துக்குமான குறைந்த எண்ணிக்கைப் பட்டியலில் ஒரே வார இறுதியில் மூன்று சண்டைகள். கையில் பெரிய தொகை, அடுத்து அதைவிடப் பெரிய ஒப்பந்தம் காத்திருக்கிறது என்றால், ரிஸ்க் எடுக்காமல் இருப்பது ஓடுகிறவரின் புத்தி மட்டும் இல்லை. துரத்துகிறவரின் புத்தியும் அதுவாகிவிடுகிறது. செப்டம்பரில் டெரன்ஸ் க்ராஃபோர்டோடு சண்டை என்பது ரியாத் மேடைக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தச் சண்டை செப்டம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் நடந்தது, நெட்ஃப்ளிக்ஸில் நீங்களும் பார்த்திருக்கலாம். க்ராஃபோர்ட் இரண்டு எடைப்பிரிவு மேலே வந்தவர். ஆனால் சார்லோ மாதிரி ஆடவில்லை. நகர்ந்தார், நின்றார், எதிரே நின்று பரிமாறவும் செய்தார். அவர் வீசியது 536, பட்டது 115. கனெலோ வீசியது 338, பட்டது 99. ஜட்ஜ்கள் 116-112, 115-113, 115-113 என்று மூவருமே க்ராஃபோர்டுக்குக் கொடுத்தார்கள். இந்த முறை எதிராளி ஓடினார் என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை.