சீனக் கார் ஆலைக்கு அனுமதி மறுப்பு: ஹைதராபாத் இழந்தது என்ன?

புதுதில்லி: கார் தொழிற்சாலை ஒன்றை ஈர்க்க விரும்பும் மாநில அரசு நிலம் தரலாம், நீரும் மின்சாரமும் தரலாம், வரிச் சலுகையும் அறிவிக்கலாம். ஆனால், ஆலை வருமா, வராதா என்பதைத் தீர்மானிக்கும் இரு அதிகாரங்கள் தில்லியிடமே உள்ளன. ஒன்று சுங்க வரி. மற்றொன்று அன்னிய முதலீட்டுக்கான அனுமதி. இவ்விரண்டும் வெவ்வேறு திசைகளில் இழுக்கும்போது என்ன நேரும் என்பதற்கு ஹைதராபாத் உதாரணமாகியிருக்கிறது.

ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட மேகா இன்ஜினியரிங் நிறுவனமும், சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனமும் கூட்டாக 100 கோடி டாலர் முதலீட்டில் மின்சாரக் கார்களைத் தயாரிக்க 2023-ல் மத்திய அரசின் அனுமதியைக் கோரின. மூலதனம் மேகாவுடையது, தொழில்நுட்பம் பி.ஒய்.டி.யுடையது என்பதே திட்டம். அந்த ஆண்டு ஜூலையில் அது நிராகரிக்கப்பட்டது. சீன முதலீட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு நேரக்கூடிய ஆபத்து காரணமாகக் கூறப்பட்டது.

இந்தியாவுடன் நிலவழி எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி கட்டாயம் என்ற விதி 2020 ஏப்ரலில் கொண்டுவரப்பட்டது. கொரோனா காலத்தில் பங்கு விலை சரிந்த இந்திய நிறுவனங்களை வெளிநாட்டுப் பணம் மலிவாக வாங்கிவிடக் கூடாது என்பதே அப்போது சொல்லப்பட்ட நோக்கம். இரு மாதங்களில் கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிர்த் தியாகம் செய்தனர். அதன் பின் அந்த விதியின் பொருளே மாறிவிட்டது.

பாதுகாப்பு வாதத்தைப் புறக்கணிக்க இயலாது. இன்றைய மின்சாரக் கார் வெறும் வாகனம் அல்ல. கேமரா, உணர்கருவி, இணையத் தொடர்பு ஆகியவற்றுடன் நகரெங்கும் சுற்றிவரும் கணினி அது. அது சேகரிக்கும் தகவல் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பதற்கு எந்த அரசுக்கும் உரிமை உண்டு. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது இந்திய வாகன நிறுவனங்கள் தவித்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

ஆனால், இதே வாதம் பேருந்துக்குப் பொருந்தவில்லை. மேகா குழுமத்தைச் சேர்ந்த ஒலெக்ட்ரா நிறுவனம் பி.ஒய்.டி.யின் தொழில்நுட்பத்தில்தான் மின்சாரப் பேருந்துகளைத் தயாரிக்கிறது. 2019-ல் ஹைதராபாத் விமான நிலையத் தடத்தில் ஓடத் தொடங்கிய 40 பேருந்துகள் அந்த நிறுவனத்துடையவை. 2023 மார்ச்சில் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகம் மேலும் 550 பேருந்துகளுக்கு அதனிடம் ஆணை வழங்கியது. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே பி.ஒய்.டி. தனது கார்களை ஓரளவுக்குப் பூட்டி விற்கவும் செய்தது. தொழில்நுட்ப ஒப்பந்தம் வேறு, உரிமைப் பங்கு வேறு என்று இதற்குப் பதில் கூறலாம். அது நியாயமான பதிலே. எனினும், கார் சேகரிக்கும் தகவல் பற்றிய அச்சத்துக்கு அது பதிலாகாது. இறக்குமதியாகும் காரிலும் அதே கேமரா இருக்கிறது.

சுங்க வரியின் கதை இதைவிட விசித்திரமானது. முழுமையாகத் தயாரித்து இறக்குமதி செய்யப்படும் கார்களுக்கு இந்தியாவில் நெடுங்காலமாக மிக அதிக வரி. 2025 பட்ஜெட்டில் 40,000 டாலருக்கு மேற்பட்ட கார்களுக்கான அடிப்படை வரி 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கூடவே 40 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு வரி சேர்க்கப்பட்டது. மொத்தச் சுமை முன்பு போலவே 110 சதவீதம்! மதில் உயரமாக இருந்தால், வெளியே நிற்பவர் உள்ளே வந்து ஆலை கட்டுவார் என்பதே இத்தகைய வரிக்குக் கூறப்படும் நியாயம். ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்ததில் அந்த நியாயத்துக்குப் பங்கு உண்டு. துருக்கி அண்மையில் இதையே செய்தது. 2024 ஜூனில் சீனக் கார்களுக்கு 40 சதவீதக் கூடுதல் வரியை அறிவித்தது. ஜூலையில் 100 கோடி டாலரில் ஆலை அமைக்க பி.ஒய்.டி. அங்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஹைதராபாத் திட்டத்தின் மதிப்பும் அதே 100 கோடி டாலர்தான். மதிலை எழுப்பிய துருக்கி வாசலைத் திறந்துவைத்தது. தில்லி மதிலை எழுப்பிவிட்டு வாசலையும் பூட்டியது.

யாருக்காக வாசல் திறக்கப்பட்டதோ அவர் வரவில்லை. ரூ. 4,150 கோடி முதலீடு செய்யும் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 8,000 மின்சாரக் கார்கள் வரை 15 சதவீத வரியில் இறக்குமதி செய்யலாம் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்தது. டெஸ்லாவை மனத்தில் வைத்துச் செய்த திட்டம் என்றே அது பேசப்பட்டது. டெஸ்லாவுக்கு இங்கு உற்பத்தியில் ஆர்வம் இல்லை என்று மத்திய கனரகத் தொழில் அமைச்சர் குமாரசாமியே 2025 ஜூனில் தெரிவித்தார். அடுத்த மாதம் மும்பையில் டெஸ்லா விற்பனைக்கூடத்தைத் திறந்தது. முழு வரியும் சேர்ந்து ஏறத்தாழ ரூ. 60 லட்சத்துக்கு அங்கு விற்பனைக்கு வந்த முதல் கார்கள் ஷாங்காய் ஆலையில் தயாரானவை!

தெலங்கானாவுக்கு இது புதிய அனுபவம் அல்ல. நிஜாம் காலத்தில், 1942-ல் தொடங்கிய ஆல்வின் நிறுவனம், 1980-களில் ஜப்பானின் நிசானுடன் சேர்ந்து ஜஹீராபாதில் இலகு ரக லாரி ஆலை அமைத்தது. டொயோட்டா, மஸ்தா, மிட்சுபிஷி ஆகியவற்றுக்கும் அதே காலத்தில் தில்லி அனுமதி அளித்தது. ஆனால், யென் மதிப்பு உயர்ந்ததும் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களின் விலை ஏறியது. உள்நாட்டுப் பாகங்களுக்கு வேகமாக மாற முடியாதவர்கள் தடுமாறினர். ஜஹீராபாத் ஆலை மகீந்திராவின் கைக்குப் போனது. கூட்டாளியின் நாடு எது என்பதைவிட, எத்தனை ஆண்டில் எத்தனை பாகம் இங்கு தயாராகும் என்பதே ஆலையின் ஆயுளைத் தீர்மானித்தது.

மேகா திட்டத்தில் தில்லி கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுவே. பெரும்பான்மைப் பங்கு இந்தியரிடம், தகவல் சேமிப்பு இந்தியாவில், பாகங்களுக்குக் காலக்கெடு என்று நிபந்தனைகள் விதித்திருக்கலாம். ஏற்காவிட்டால் நிராகரித்திருக்கலாம். சீனாவின் சாய்க் நிறுவனத்துக்குச் சொந்தமான எம்.ஜி. மோட்டாரில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் 35 சதவீதப் பங்குடன் நுழைந்து, ஆலை தொடர்ந்து இயங்க வழி கண்டது. 2020-க்கு முன் உள்ளே வந்துவிட்டது என்பது ஒன்றே எம்.ஜி.க்கு இருந்த அனுகூலம்.

இழப்பின் அளவை அறிய அண்டை மாநிலத்தைப் பார்த்தால் போதும். ஆந்திரத்தின் பெனுகொண்டாவில் 110 கோடி டாலரில் கியா அமைத்த ஆலை, ஆண்டுக்கு 3 லட்சம் கார்கள் தயாரிக்கும் திறனுடையது. 2014-ல் மாநிலம் பிரிந்தபின் தெலங்கானாவுக்கு அப்படியொரு ஆலை வாய்க்கவில்லை. 2025 மார்ச்சில் ஹைதராபாத் அருகே பி.ஒய்.டி. ஆலை வரப்போவதாக மீண்டும் செய்திகள் பரவின. சில நாள்களில், அந்த நிறுவனத்துக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை என்று மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் கூறிவிட்டார். ஆகஸ்ட் மாத இறுதியில் பிரதமர் மோடி சீனாவின் தியான்ஜின் நகருக்குச் சென்றார்.

இதற்கிடையே, மின்சார வாகனங்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை சாலை வரியும் பதிவுக் கட்டணமும் முழுமையாக விலக்கு என்று தெலங்கானா அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. மாநிலத்தின் வருவாயை விட்டுக்கொடுத்து வழங்கப்படும் இச்சலுகையில் ஹைதராபாத்வாசிகள் வாங்கும் கார்கள், மகாராஷ்டிரத்தின் சாக்கனிலும் குஜராத்தின் சாணந்த், ஹாலோலிலும் தயாராகின்றன.